இடுப்பில் துப்பாக்கி தெரிய நடந்த மூன்றரை ஆண்டுகள்

2016 ஜனவரி முதல் 2019 ஆகஸ்ட் வரை, வீட்டை விட்டு இறங்கிய நாட்களிலெல்லாம் வலது இடுப்பில், சட்டைக்கு வெளியே, பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு கைத்துப்பாக்கியை அணிந்திருந்தேன். நான் காவலர் அல்லன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹியூஸ்டனுக்கு மேற்கே நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும் ஃபீடர் ரோட்டில் ஒரு கேஸ் ஸ்டேஷனும் (பெட்ரோல் பங்க்) அதையொட்டிய கடையும் நடத்துகிறவன். இங்கேயே பிறந்து வளர்ந்த என் அக்கா மகனுக்கு அடுத்த மாதம் 21 வயது நிறைகிறது. துப்பாக்கி வாங்கப் போவதாகச் சொன்னவன், "மாமா, நீங்க ஏன் வெளிய தெரியிற மாதிரி மாட்டுறதை விட்டுட்டீங்க?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

2014-இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடை மூடும் நேரத்தில், முகத்தை மறைத்த ஒருவன் கல்லாவுக்கு எதிரே நின்று என் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டினான். முந்நூறு டாலர் சொச்சத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். உயிர் பிழைத்தேன் என்றாலும், அதன் பிறகு பல மாதங்கள் கடைக் கதவின் மணி ஒலிக்கும்போதெல்லாம் வயிறு சுருங்கியது. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்த காலமாக இருந்தால் வேறு வழியின்றி அந்த அச்சத்தோடுதான் இருந்திருப்பேன். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளைத் தவிர, தற்காலிக விசாவில் உள்ளவர் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். ஐ.டி. வேலைக்கு வந்து கிரீன் கார்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நம்மவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. எனக்குக் கிரீன் கார்டு 2012-இலேயே கிடைத்திருந்தது. ஆகவே 2015-இல் ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினேன், உரிமமும் எடுத்தேன்.

டெக்சாஸ் என்றாலே தொன்றுதொட்டு எல்லோரும் இடுப்பில் துப்பாக்கியோடு திரிந்த ஊர் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. உண்மை வேறு. பொது இடத்தில் கைத்துப்பாக்கியோடு நடப்பதை 1871-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அந்தத் தடை நூறாண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1991-இல் கில்லீன் நகரத்தின் லூபிஸ் உணவகத்தில் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே தாயையும் தந்தையையும் கண்ணெதிரே பறிகொடுத்த சுசானா ஹப், சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தன் துப்பாக்கியைக் காரிலேயே விட்டு வந்ததை ஊர் ஊராகச் சொன்னார். பின்னாளில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார். 1995-இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆளுநராக இருந்தபோது, உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற சட்டம் வந்தது. வெளிப்படையாக அணிவது, அதாவது இங்கே எல்லோரும் ‘ஓப்பன் கேரி’ என்று சொல்வது, உரிமம் பெற்றவர்களுக்கு 2016 ஜனவரி 1 முதல்தான் அனுமதிக்கப்பட்டது. இதில் முரண் என்னவென்றால், அதற்கு முன்பும் நீளமான ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு உரிமமே இல்லாமல் தெருவில் நடக்கலாம். 2014-இல் சிலர் அப்படி உணவகங்களுக்குள் நுழையத் தொடங்கியதால்தான், துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டாம் என்று சிப்போட்லே என்ற உணவக நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

உரிமத்துக்கான வகுப்பு நான்கு முதல் ஆறு மணி நேரம். எப்போது சுடலாம் என்பதைவிட எப்போதெல்லாம் சுடக்கூடாது என்பதையே எங்கள் பயிற்சியாளர் அதிகம் பேசினார். பிறகு சுடுதளத்தில் ஐம்பது குண்டுகள்: மூன்று கஜத்தில் இருபது, ஏழு கஜத்தில் இருபது, பதினைந்து கஜத்தில் பத்து. 250 புள்ளிகளுக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. இது பெரிய தேர்வு அல்ல. ஆனாலும் அன்று எங்களோடு வந்த ஒருவர், தன் துப்பாக்கியில் குண்டு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியாமல் நின்றதைக் கண்டேன். அந்த வகுப்பு இல்லாதிருந்தால் அவரும் அப்படியே கடைத்தெருவுக்குப் போயிருப்பார்.

நான் வெளிப்படையாக அணிந்ததற்குக் கொள்கை எதுவும் காரணம் இல்லை. ஹியூஸ்டனின் ஆகஸ்ட் வெயிலில், புழுக்கத்தில், இடுப்பை மறைக்கச் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போடுவது வேதனை. மறைத்து வைத்திருக்கும்போது, மேல் அடுக்கில் உள்ள பெட்டியை எடுக்கக் கையைத் தூக்கினால் சட்டை விலகித் துப்பாக்கி தெரிந்துவிடும் என்ற கவலையும் கூடவே இருக்கும். வெளியே தெரிய அணிந்தால் இந்தக் கவலை இல்லை. அதோடு, திருட வருகிறவன் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுவான் என்றும் நம்பினேன்.

குண்டுகள் நிறைந்த நிலையில் அந்தத் துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 850 கிராம். எடை பெரிதல்ல, பழகிவிடும். பழகாதது அதைப் பற்றிய நினைப்பு. முதல் மாதத்திலேயே என் உடல் வேறொருவருடையதைப் போல நடந்துகொள்ளத் தொடங்கியது. வரிசையில் நிற்கும்போது வலது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொள்வேன். யாராவது பின்னால் நெருங்கினால் முழங்கை தானாகவே இறங்கித் துப்பாக்கியின் பிடியை மூடும். பின்னாலிருந்து ஒருவர் உருவிவிடக் கூடாது என்பதற்காக, கட்டைவிரலால் தாழ் நீக்கினால் மட்டுமே வெளியே வரும் உறையை வாங்கினேன். உணவகத்தில் கதவைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவேன். பொதுக் கழிப்பறைக்குப் போவதுகூட முன்கூட்டியே யோசித்துச் செய்ய வேண்டிய காரியமாயிற்று. நண்பர்களின் குழந்தைகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும் வயதில் இருந்தார்கள். அவர்கள் வருவதைக் கண்டதும் நான் இடது பக்கமாகத் திரும்பி நின்றதை அந்தக் குழந்தைகள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இதில் நல்லதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த மூன்றரை ஆண்டுகளில் நான் யாரிடமும் குரலை உயர்த்தவில்லை. சாலையில் ஒருவர் குறுக்கே வந்து ஹாரன் அடித்துத் திட்டினாலும் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். துப்பாக்கி உள்ளவன் சண்டையில் ஒரு படி ஏறினால் அடுத்த படி எது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. என்னைப் போலவே அதைப் பெரும் பொறுப்பாக எடுத்துக்கொண்ட பலரை அறிவேன். அவர்களைச் சண்டியர்கள் என்று யாராவது எழுதினால் எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

ஆச்சரியம் என்னவென்றால், பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. கைப்பேசியில் கண்ணைப் பதித்தபடி கடந்து போய்விடுவார்கள். கவனித்தவர்களில் சிலர் நெருங்கி வந்து, என்ன மாடல், எந்த உறை, குறி எப்படி என்று உற்சாகமாகப் பேசுவார்கள். வேறு எந்த வகையிலும் என்னோடு பேச்சுக் கொடுத்திருக்க மாட்டாத வயதான வெள்ளைக்காரர்கள் பலர் அப்படித்தான் எனக்கு அறிமுகமானார்கள். மற்றவர்கள் எதுவும் சொல்வதில்லை. பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள், அல்லது பாதி நிரம்பிய கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியேறுவார்கள். ஒருவர்கூட என்னிடம் வந்து "இது எனக்கு அச்சமாக இருக்கிறது" என்று சொன்னதில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்றே நெடுநாள் எடுத்துக்கொண்டேன். துப்பாக்கி வைத்திருப்பவனிடம் போய் அதைப் பற்றிக் குறை சொல்ல யாருக்குத் துணிவு வரும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அம்மா ஒருமுறை கோவில்பட்டியிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கினாள். வாழ்நாளில் அவள் பார்த்த துப்பாக்கி, வங்கி வாசலில் காவலாளி மடியில் கிடக்கும் இரட்டைக்குழல் ஒன்றுதான். நான் காலையில் பெல்ட்டை மாட்டுவதைப் பார்த்துவிட்டு, "ஏய்யா, இது எதுக்குய்யா உனக்கு?" என்று கேட்டாள். திருட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடைக்குச் சரி. காய்கறி வாங்கப் போறதுக்கு எதுக்கு?" என்றாள். அதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை.

கடைகளும் இதே கேள்வியைத்தான் தம் வழியில் கேட்டன. கைத்துப்பாக்கியை வெளிப்படையாக அணிந்து உள்ளே வரக்கூடாது என்று ஒரு கடைக்காரர் நினைத்தால், மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 30.07-ஆம் பிரிவின்படி வாசலில் அறிவிப்பு வைக்கலாம். ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்துகளில், ஒவ்வொரு வாசலிலும் அது இருக்க வேண்டும். மறைத்து எடுத்துவருவதைத் தடுக்க 30.06 என்ற வேறோர் அறிவிப்பு. வருமானத்தில் 51 விழுக்காடோ அதற்கு மேலோ, அங்கேயே அமர்ந்து அருந்தும் மதுவின் விற்பனையில் ஈட்டும் மதுக்கூடங்களின் வாசலில் சிவப்பு எழுத்தில் 51% என்று இருக்கும். அங்கே எந்த வடிவிலும் கூடாது. அஞ்சலகத்துக்குள்ளும் கூடாது. ஆகவே, ஒரு சனிக்கிழமை நான்கு இடங்களுக்குப் போக வேண்டியிருந்தால், இரண்டு இடங்களில் துப்பாக்கியைக் கழற்றிக் காருக்குள் திருகாணி போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும், பிறகு எடுத்து மாட்ட வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவன் துப்பாக்கியைக் கையில் எடுத்துக் குனிந்து ஏதோ செய்வதைப் பார்ப்பவர்களுக்கு எப்படி இருக்கும்?

2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவில், ஃபிலான்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞரின் காரை ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவர் மரியாதையாகத் தெரிவித்தார், உரிமமும் பெற்றிருந்தார். அடுத்த சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் டல்லாஸில் ஊர்வலம் ஒன்றின்போது ஐந்து போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ஊர்வலத்தில் ரைபிளை வெளிப்படையாகவும் சட்டப்படியும் எடுத்துவந்த ஒரு கறுப்பினத்தவரின் படத்தைச் சந்தேகத்துக்குரியவர் என்று காவல்துறை வெளியிட்டது. அவருக்கும் அந்தக் கொலைகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த வாரம் கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றேன். என் நிறமும் தாடியும், இருட்டில் ஒருவர் என்னை யாரென்று எண்ணுவார் என்பதும் என் கையில் இல்லை. கலிபோர்னியாவில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு பொது இடத்தில் நடப்பதைத் தடுக்கும் சட்டம் 1967-இல், ரொனால்ட் ரேகன் ஆளுநராக இருந்தபோது வந்தது. கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் துப்பாக்கி ஏந்தி ரோந்து வந்ததே அதற்குத் தூண்டுதல். யார் இடுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே இந்த உரிமையின் பொருள் இந்த நாட்டில் மாறி வந்திருக்கிறது. அது தெரிந்தும் நான் மேலும் மூன்று ஆண்டுகள் அணிந்தேன்.

2019 ஆகஸ்ட் 3 அன்று டெக்சாஸின் எல் பாசோ நகரத்தில் உள்ள வால்மார்ட் கடையில், மெக்சிகோ வம்சாவளியினரைக் குறிவைத்து ஒருவன் சுட்டதில் 23 பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பகுதியில் ஒரு கடையில் அரிசி மூட்டை இருக்கும் வரிசைக்குள் திரும்பினேன். எதிரே ஒரு மெக்சிகோக்காரப் பாட்டி, ஐந்தாறு வயதுப் பேரனோடு நின்றார். அவர் கண்கள் என் இடுப்புக்குப் போயின. ஒரு வார்த்தை பேசாமல் பேரனைத் தனக்குப் பின்னால் இழுத்து, இரண்டு கைகளையும் சற்றே விரித்து, தன் உடம்பால் அவனை மறைத்துக்கொண்டு நின்றார். ஓடவில்லை. நான் இரண்டு உள்ளங்கைகளையும் காட்டியபடி பின்னோக்கி நடந்து வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றும்போது விரல்கள் நடுங்கின. 2014-இல் கல்லாவுக்குப் பின்னால் நான் எப்படி நின்றேனோ அப்படித்தான் அந்தப் பாட்டி என் எதிரே நின்றார்.

நான் நல்லவன் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? கொலராடோ ஸ்பிரிங்ஸில் 2015 அக்டோபர் 31 அன்று, ஒருவன் துப்பாக்கியோடு தெருவில் நிற்பதைக் கண்ட ஒரு பெண் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தபோது, வெளிப்படையாக ஆயுதம் ஏந்த அங்கே அனுமதி உண்டு என்ற சட்டம் நினைவூட்டப்பட்டது. சற்று நேரத்தில் அவன் சுடத் தொடங்கி மூன்று பேரைக் கொன்றான். முதல் குண்டு வெடிக்கும்வரை அவனுக்கும் எனக்கும் பார்ப்பவர் கண்ணில் வேறுபாடு இல்லை. அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை, எந்தப் பயிற்சியும் இல்லாத, பேரனோடு அரிசி வாங்க வந்த ஒரு பாட்டியின் தலையில் நான் சுமத்தியிருந்தேன். என் அச்சத்தை இறக்கி வைப்பதற்காக அதை அவரிடம் ஏற்றியிருந்தேன்.

இதற்கு மறுமொழியாகச் சொல்லப்படுபவை எனக்கும் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன். 2019 டிசம்பரில் டெக்சாஸின் வைட் செட்டில்மென்ட் என்ற ஊரின் தேவாலயத்தில் இரண்டு பேரைக் கொன்றவனை, காவலுக்கு நின்ற தன்னார்வலர் ஒருவர் சில நொடிகளில் சுட்டு வீழ்த்தினார். அவர் இல்லாவிட்டால் இன்னும் பலர் இறந்திருப்பார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் துப்பாக்கியே கூடாது என்று நான் எழுதவில்லை. என்னுடையது இன்றும் இருக்கிறது. கடையில் இரவு வேலையின்போது சட்டைக்குள் இருக்கிறது. அங்கேயும் மறைத்தே வைக்கிறேன். பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் திருடன் இருக்கலாம், பார்த்ததால் முதலில் என்னைச் சுட்டுவிட நினைப்பவனும் இருக்கலாம். உரிமை என்ற வகையில் வழக்கு முடிந்துவிட்டது. வீட்டுக்கு வெளியே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசியலமைப்பு தரும் உரிமை என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் சொல்வது அந்த உரிமையைக் காய்கறிக் கடையில் பிறர் கண்ணுக்கு முன்னால் நிறுத்த வேண்டாம் என்பதை மட்டுமே. எல் பாசோவுக்குப் பிறகு வால்மார்ட்டும் க்ரோகர் என்ற மளிகைக் கடை நிறுவனமும் தம் வாடிக்கையாளர்களிடம் இதையேதான் கேட்டுக்கொண்டன.

எனக்கு மிகுந்த மனவருத்தம் தந்தது அதன் பிறகு நடந்தது. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில், சட்டம் விலக்கிவைத்த சிலரைத் தவிர, 21 வயது நிறைந்த எவரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். வெளியே தெரிந்தால் உறைக்குள் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அந்த நான்கு மணி நேரமும், அந்த ஐம்பது குண்டுகளும் இப்போது கட்டாயம் இல்லை. தன் துப்பாக்கியில் குண்டு இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாத மனிதரை நினைத்துப் பார்க்கிறேன். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்த அரை நாளை மாநிலம் ஏன் கைவிட வேண்டும்? சட்டமன்றம் அந்தக் கட்டாயத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன், மீண்டும் எழுதுவேன்.

உரிமம் கட்டாயமில்லை என்றாலும் விரும்புகிறவர்கள் இன்றும் எடுக்கலாம். கட்டணம் நாற்பது டாலர். அக்கா மகனுக்கு நான் வைத்த நிபந்தனை அந்த வகுப்புதான். வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இருவரும் போகிறோம். அவனோடு நானும் முதலிலிருந்து உட்காரப்போகிறேன்.