கதவுக்கு வெளியே நின்றவர் மட்டும்தான் குற்றவாளியா?

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த ஒரு கைதி, கழிப்பறைக்குப் போன இடத்தில் காவலுக்கு நின்ற இரண்டு காவலர்களிடமிருந்து தப்பிவிட்ட அந்த விவகாரம் பற்றி எழுதவே வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். நேற்று இரவு என் நட்பு வட்டத்திலேயே ஒருவர், சஸ்பெண்ட் ஆன இரண்டு காவலர்களின் படத்தைப் போட்டு, "தூங்குமூஞ்சிங்க, இவனுங்களையும் தூக்கி அதே செல்லில் போடணும்" என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அதில் பாதி எனக்குத் தெரிந்த முகங்கள். அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, செல்லில் போடச் சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. காவலில் இருப்பவரைக் கவனக்குறைவால் தப்பவிடும் பொது ஊழியருக்கு இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் (கடின உழைப்பில்லாத சிறை), அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்திய தண்டனைச் சட்டத்தில் 223ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 261. தெரிந்தே தப்பவிட்டால் அது 260. மரண தண்டனைக் கைதியை அப்படி விட்டவருக்கு ஆயுள் தண்டனைகூடக் கொடுக்கலாம். சட்டம் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் 261 யாரைப் பற்றிப் பேசுகிறது என்று படித்துப் பாருங்கள். கழிப்பறை வாசலில் நின்ற கான்ஸ்டபிள் என்று அதில் இல்லை. காவலில் வைத்திருக்கச் சட்டப்படி கடமைப்பட்ட பொது ஊழியர் என்றுதான் இருக்கிறது. அந்தக் கடமை எங்கே தொடங்குகிறது? ஆபத்தான ஒரு கைதிக்கு இரண்டு பேர் போதும் என்று டியூட்டி பட்டியலில் கையெழுத்துப் போட்ட மேசையில் தொடங்குகிறது. கம்பி இல்லாத ஜன்னல் உள்ள வார்டில் படுக்க வைக்கலாம் என்று சம்மதித்த இடத்தில் தொடங்குகிறது. அலட்சியம் அங்கே இருந்ததா என்று யாராவது கேட்டீர்களா?

டிவியில் நேற்று முழுக்க "சிறைத்துறையின் அலட்சியம்" என்றே பேசினார்கள். ஜெயில் கேட்டைத் தாண்டிவிட்டால் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வழிக்காவல் போவது ஆயுதப்படைக் காவலர்கள். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் ஒரு மணி நேரம் விவாதம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு: என் அப்பா ஆயுதப்படையில் தலைமைக் காவலராக இருந்தவர். நான் பத்தாம் வகுப்பு படித்தபோது, வெளியூர் கோர்ட்டுக்கு ஒரு கைதியை அரசு பஸ்ஸில் கூட்டிப்போய்த் திரும்பும் வழியில், பஸ் நின்ற இடத்தில் அவன் ஓடிவிட்டான். கூடப் போன இன்னொருவருக்கு அன்று காய்ச்சல். அப்பா துரத்திப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பிடித்துவிட்டார். இருந்தும் சஸ்பெண்ட், பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக, அப்புறம் மூணு பி சார்ஜ் (பெரிய தண்டனைக்கான துறைக் குற்றச்சாட்டு), விசாரணை முடிய மூன்று வருடம். அம்மாவின் செயின் அடகுக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை. "உங்கப்பா திருடனை விட்டுட்டாராமே" என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். இருவரை மட்டும் பஸ்ஸில் அனுப்பிய அதிகாரியை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்கப்புறம் எங்கே குடும்பமாகப் போனாலும் அப்பா பஸ் ஏறுமுன் எங்களை எண்ணுவார். இப்போதும் எண்ணுகிறார்.

இந்தச் செய்தி வந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை பேரைப் போட்டிருந்தாங்க?"

2011 மார்ச் மறந்துவிட்டதா? சைக்கோ சங்கர் என்று பத்திரிகைகள் எழுதிய ஜெய்சங்கரைக் கோவை சிறையிலிருந்து தருமபுரி கோர்ட்டுக்குக் கூட்டிப்போனவர்கள் இரண்டே காவலர்கள். திரும்பும்போது சேலம் பஸ் நிலையத்தில் தப்பினான். மறுநாள் அந்தக் காவலர்களில் ஒருவர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு செத்துப்போனார். தொடர் கொலை, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் சிக்கிய ஒருவனை இரண்டு பேரை நம்பி அனுப்பலாம் என்று முடிவு எடுத்தவர் யார்? அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை. அதே ஆள் 2013 செப்டம்பரில் பெங்களூரு பரப்பன அக்ரஹாரா மத்திய சிறையிலிருந்தும் தப்பினான். அங்கே பஸ் இல்லை, மதில் இருந்தது.

"விலங்கு மாட்டியிருக்கலாமே" என்று எளிதாகச் சொல்கிறீர்கள். 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் விலங்கு மாட்டுவதை விதிவிலக்காகத்தான் அனுமதித்தது. தப்பிவிடுவார் என்ற பயம் இருந்தால் காவலர் எண்ணிக்கையைக் கூட்டு, பாதுகாப்பான வண்டியில் கொண்டுபோ என்றது. 1995இல் இன்னும் இறுக்கி, மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்புகள் சரி, நான் மனதார ஏற்கிறேன். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் சில குற்றங்களுக்கு விலங்கு போட இடம் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் தெரியும். ஆனால் தீர்ப்பின் ஒரு பாதியை மட்டும் கேட்டு, ஆளையும் வண்டியையும் கூட்டாமல் விட்டது கான்ஸ்டபிள் இல்லை.

காசு வாங்கிக்கொண்டு விடுகிறார்கள் என்பவர்களுக்கு: வாங்கியிருந்தால் 260இல் போடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

தப்பிய அந்தக் கைதியால் பாதிக்கப்பட்ட பெண்ணின் குடும்பத்தை நினைத்தாயா என்று ஒரு தோழி உள்பெட்டியில் கேட்டாள். நினைத்தேன். அவன் வெளியே இருக்கிறான் என்று தெரிந்த அந்த அம்மா எப்படிக் கதவைத் திறந்து தண்ணீர் பிடிக்கப் போவாள்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களுக்காகத்தான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன்: அடுத்த கைதி தப்பாமல் இருக்க வேண்டுமென்றால் கையெழுத்துப் போட்டவரையும் கூண்டில் ஏற்றுங்கள். இருவரை சஸ்பெண்ட் செய்ததோடு கோப்பை மூடினால் அடுத்த வாரமும் இரண்டு பேர்தான் போவார்கள்.

1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் 54ஆவது பிரிவைப் பாருங்கள். கடமை தவறினால் 200 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். யாருக்கு? ஜெயிலருக்கும் அவருக்குக் கீழே உள்ளவர்களுக்கும். ஜெயிலருக்கு மேலே இருக்கும் கண்காணிப்பாளர் அதில் இல்லை. வெள்ளைக்காரன் எழுதியபோதே மேலிடத்தை விட்டுவிட்டுத்தான் எழுதினான். நாம் இன்றும் அப்படியே படிக்கிறோம், அப்படியே சிரிக்கிறோம்.

அந்தக் காவலர்களின் படத்தைப் போட்ட அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். விசாரணை நடக்கட்டும், அந்த இரண்டு பேர் மேல் தப்பு இருந்தால் தண்டனையும் கிடைக்கட்டும். அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். அவர்கள் வீட்டிலும் நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் இருக்கலாம்.