பத்திக்குள் ஒரு பொங்கல்

எங்கள் வீட்டு முன்பத்தியின், அதாவது முன்தாழ்வாரத்தின், கூரைத் தகரங்களில் ஒன்று மட்டும் கரிபிடித்துக் கறுத்திருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, மாரிகாலத்தில் இங்கேதான் சமைக்கிறீர்களோ என்று கேட்பார்கள். அது சமையலால் வந்த கரியன்று, தைப்பொங்கலால் வந்த கரி. முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்கள் ஊரான முள்ளியவளையில் மற்ற வீட்டார் எல்லோரும் முற்றத்தை மெழுகி, கோலம் போட்டு, கிழக்குப் பார்த்து மூன்று கல் வைத்துப் பொங்கும்போது, நாங்கள் மோட்டார் சைக்கிள் விடுகிற பத்தியின் ஓரத்தில் பானை வைக்கிறோம். "சூரியனுக்குத் தெரியாமல் பொங்குற வீடு எங்கட வீடு ஒண்டுதான்" என்று என் அம்மா சலித்துக்கொள்வார். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவள், அப்போது நாலரை வயதாயிருந்த என் மகள்.

தையும் சித்திரையும் வந்தால் என் வயதையொத்த நண்பர்கள் பலர் முகநூலில் ஒரே கவலையை எழுதுகிறார்கள். அந்தக் காலத்துக் கொண்டாட்டம் இப்போது இல்லை, பலகாரம் கடையிலிருந்து வருகிறது, பிள்ளைகள் கைபேசிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள் என்பது அந்தக் கவலையின் சுருக்கம். நானும் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அப்படித்தான் நம்பியிருந்தேன். இப்போது எனக்கு அந்த முறைப்பாடு ஆள்மாறிப் போய்ச் சேர்கிறது என்று படுகிறது. கொண்டாட்டத்தைத் தொலைத்தவர்கள் பெரியவர்களாகிய நாங்கள். அதிலும் கடைசிப் போர் நடந்த வன்னியில் இருந்தவர்கள் அதைத் தொலைத்ததற்கு யாரும் எங்களைக் குறைசொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், ஆட்டைத் திவசம் என்கிற முதலாம் ஆண்டுச் சடங்கு முடியும்வரை அந்த வீட்டார் பொங்கலும் கொண்டாடுவதில்லை, வருடப்பிறப்பும் கொண்டாடுவதில்லை. அயலவர்கள் தங்கள் வீட்டுப் பொங்கலிலும் பலகாரத்திலும் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். துக்கத்துக்கு ஒரு வருடம் என்று எல்லை போட்டு, அந்த எல்லை முடிந்ததும் வீட்டாரை மறுபடியும் அடுப்படிக்கு அழைத்துவரும் இந்த ஏற்பாட்டை எங்கள் முன்னோர் மிகுந்த யோசனையோடுதான் செய்திருக்கிறார்கள். ஆனால், திவசம் கொடுப்பதற்குத் திதியே தெரியாத வீடுகளைப் பற்றி அவர்கள் யோசித்திருக்க முடியாது. என் தம்பி 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் எங்களைவிட்டுப் பிரிந்து காணாமல்போனவன். அவனுக்கு நாங்கள் திவசம் செய்யவில்லை. செய்யச் சொல்லி அம்மாவிடம் வாய் திறந்தவர்களும் அதிகநேரம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அதனால் எங்கள் வீட்டில் அந்த ஒரு வருடம் முடியவேயில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபின், படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பேருந்தேறிப் போய் அங்கே உட்கார்ந்துவிட்டு வரும் தாய்மார்களில் அம்மாவும் ஒருவரானார். எங்களுக்குப் பண்டிகை என்பது ஒரு கழித்தல் கணக்காகவே இருந்தது: யார் இல்லை, எந்த மாமரம் இல்லை, எந்தக் கிணறு தூர்ந்துபோனது.

முதன்முதலாக எனக்குச் சிறுபிள்ளைகளின் கணக்கு வேறு என்று காட்டியது 2010 தைப்பொங்கல். நாங்கள் அப்போது செட்டிகுளம் முகாமில், தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். பொங்குகிற மனநிலை பெரியவர்கள் யாருக்கும் இருக்கவில்லை. அடுத்த கொட்டிலில் இருந்த இரண்டு பிள்ளைகள் விடிந்ததும் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து, சிரட்டையில் ஈரமண்ணை நிரப்பி, அதற்குமேல் ஏதோ ஒரு செடியின் மஞ்சள் பூவைப் பிய்த்துத் தூவி, வாயாலேயே வெடி கொளுத்தி, வரிசையில் தண்ணீருக்கு நின்ற எங்கள் ஒவ்வொருவருக்கும் அந்த மண்பொங்கலைக் கிள்ளிக் கொடுத்தார்கள். வாங்காதவர்களை விடவில்லை. நான் அதை வாங்கி, சாப்பிடுவதுபோல் பாவனை செய்துவிட்டு, கொட்டிலுக்குள் போய் அழுதேன். அந்த ஆண்டு அந்த வரிசையில் நின்றவர்களுக்கு நடந்த பொங்கல் அது ஒன்றுதான்.

பிறகு ஊருக்குத் திரும்பினோம், தகரக் கொட்டில் கல்வீடாயிற்று, நான் திருமணம் செய்தேன். பொங்கல் மட்டும் எங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. 2022 தை மாதத்தில் மகள் முன்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே பொங்கல் விழா வைத்து, பிள்ளைகளைக் கொண்டே பானைக்குள் அரிசி போடச் செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள் கேட்டாள்: "எங்கட வீட்டுப் பானை எங்க, அம்மா?"

அதற்கு மறுமொழி சொல்ல அதைவிட மோசமான வருடம் வாய்த்திருக்காது. முந்தைய ஆண்டு திடீரென்று இரசாயன உரத்துக்குத் தடை வந்து, எங்கள் காலபோகப் பயிர், மாரிமழையோடு விதைத்த நெல், பசளையில்லாமல் மஞ்சளித்து நின்றது. தண்ணிமுறிப்புக் குளத்துத் தண்ணீர் குறைவில்லாமல் பாய்ந்தும் கதிரில் பாதி பதராகத்தான் தெரிந்தது. இங்கே காலபோக அறுவடை பெரும்பாலும் பொங்கலுக்குப் பிறகுதான் மும்முரமாகும் என்பதால், வன்னி விவசாயி பொங்குவது வரப்போகிற விளைச்சலை நம்பித்தான். அந்த வருடம் எங்களிடம் நம்புவதற்கு எதுவும் இருக்கவில்லை. "சூரியனுக்கு எதுக்கு நன்றி சொல்லுறது?" என்று கணவர் கசப்போடு கேட்டார். மகளுக்கு உரத்தடை விளங்காது. அம்மம்மாவின் மௌனமும் விளங்காது. பானை எங்கே என்பது மட்டுமே அவளுடைய வினா. அதற்கு இருக்கக்கூடிய மறுமொழிகளும் இரண்டுதான், கடையில் அல்லது வீட்டில்.

அம்மாதான் எழுந்துபோய்க் கடையில் ஒரு சிறிய பானை வாங்கிவந்தார் என்று எழுத எனக்கு ஆசை. உண்மையில் பானை வாங்கிவந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. அம்மா அன்று முழுவதும் ஒரு சொல்லும் பேசவில்லை. பொங்கலன்று விடியற்காலை தூறல் தொடங்கியதால், மெழுகிய முற்றத்தைக் கைவிட்டுப் பத்திக்குள் அடுப்பை மாற்றினோம். பால் பொங்கி வழிந்தபோது மகள் போட்ட கூச்சலுக்குத்தான் அம்மா அறையைவிட்டு வெளியே வந்தார். வந்தவர், வறுத்த பயறு சரியாக அவியமுதல் சர்க்கரையைக் கொட்டிவிட்டேன் என்று என்னை ஏசினார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு பண்டிகை நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுவென்பதால், நான் அந்த ஏச்சை ஆசீர்வாதமாகவே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஆண்டில்தான் விடயம் எனக்கு விளங்கியது. 2023 பொங்கலன்று வானம் வெளித்திருந்தது. கணவர் முற்றத்தில் கல் வைத்தார். மகள் குறுக்கே வந்து நின்றாள். "பொங்கல் பத்திக்குள்ளதானே, அப்பா!" அவளுடைய வாழ்வில் வீட்டுப் பொங்கல் ஒரேயொரு முறைதான் நடந்திருந்தது, அது நடந்த இடம் பத்தி. எங்களுக்கு மழையால் வந்த விபத்து, அவளுக்கு முறை. கதிரவன் வழிபாடு, வெட்டவெளி, கிழக்குத் திசை என்று கணவர் எடுத்துச் சொன்னது ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் சாய்வெயில் வந்து படும்படியாகப் பத்தியின் ஓரத்துக்குக் கல்லை நகர்த்தி ஒரு சமரசத்துக்கு வந்தோம். இன்றைக்கு மூன்று வயதாகிற என் மகனுக்கு இது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம்.

சிறுபிள்ளைகள் பண்டிகைக்குப் புதுமையைக் கொண்டுவருகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் கண்டது நேர்மாறானது. அவர்கள் ஒரு முறை நடந்ததை அச்சுப்பிசகாமல் மறுபடியும் கேட்கிறார்கள். அதே பானை, அதே இடம், பால் வழியும்போது அதே கூச்சல். வருடப்பிறப்புக்கு முதல்முறை மூலிகை அவித்த மருத்துநீரை அம்மம்மாவின் கையால் தலையில் வைத்துக்கொண்டால் அடுத்தமுறை என் கை செல்லாது. ஆடிப்பிறப்புக் கூழை ஒருமுறை பலாவிலையை ஈர்க்குக் குத்திக் கோலிக் குடிக்கக் கொடுத்துவிட்டால் பிறகு கரண்டி செல்லாது. பலாமரம் எங்கள் வளவில் இல்லை என்பது எங்கள் பாடு. இப்படிக் கேட்பதற்கு ஒருவர் இருக்கும்போதுதான் ஒரு வீட்டில் செய்கை வழக்கமாகிறது. இடப்பெயர்வுகளில் பத்துப் பதினைந்து வருடங்கள் அறுந்துபோன எங்களைப்போன்ற குடும்பங்களுக்கு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள் என்று அறிவுரை சொன்னவர்கள் பலர். விட்ட இடம் எது என்பது எங்களுக்கே நினைவில்லாதபோது, எந்த இடத்திலிருந்தும் தொடங்கலாம் என்று காட்டியது ஒரு பிள்ளையின் பிடிவாதம்.

இதை எழுதும்போது வற்றாப்பளை அம்மனின் கதை நினைவுக்கு வருகிறது. மதுரையை எரித்த கண்ணகி ஒரு கிழவியின் உருவில் நந்திக்கடற்கரைக்கு வந்தபோது, அங்கே அவளை எதிர்கொண்டவர்கள் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள். அவள் பசிக்கிறது என்றாள், அவர்கள் பொங்கிக் கொடுத்தார்கள். இருளத் தொடங்கியதும் விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லை என்றதற்கு, கடல்நீரை அள்ளி ஏற்றுங்கள் என்றாள். அவர்கள் ஏற்றினார்கள், விளக்கு எரிந்தது. இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர், சிலாவத்தைக் கரையிலிருந்து எடுத்துவரும் கடல்நீரில் எங்கள் ஊர்க் காட்டா விநாயகர் கோவிலில் விளக்கெரிக்கிறார்கள். சிறுவயது முதல் கேட்ட கதைதான். ஆனாலும், கடல்நீரில் விளக்கேற்று என்று ஒரு கிழவி சொன்னால் வளர்ந்தவர் எவராவது கேட்டிருப்பாரா என்ற எண்ணம், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பொங்கல் நடக்கும் திங்கட்கிழமை இரவுக் கூட்டத்துக்குள் கச்சான் கடைகளைக் கடந்து நடந்தபோதுதான் எனக்கு முதன்முதலாக வந்தது.

இதற்காகப் பிள்ளைகளைத் துக்கத்துக்கு மருந்தாக்கிவிடக்கூடாது என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். "நீ வந்தபிறகுதான் இந்த வீட்டில் வெளிச்சம்" என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் திரும்பத் திரும்பச் சொல்வது, அதன் தலையில் நெல்மூட்டை ஏற்றுவதற்குச் சமம். அது சிணுங்க நினைக்கிற நாளில் சிணுங்க விடவேண்டும். பிள்ளைகளுக்காக என்று சொல்லி நுண்கடன் எடுத்து உடுப்பும் வாணமும் வாங்கிவிட்டு, கிழமைக்குக் கிழமை வசூலிக்க வருகிறவரைக் கண்டு வேலிக்குப் பின்னால் ஒளிகிற தாய்மாரையும் இங்கே பார்க்கிறேன். அந்த உடுப்பைப் பிள்ளை அடுத்த மாதமே மறந்துவிடுகிறது. என் மகளிடம் சென்ற சித்திரைக்கு என்ன சட்டை போட்டாய் என்று கேட்டுப் பார்த்தேன், தெரியவில்லை. ஆனால், வருடப்பிறப்புக்குப் பெரியவர்கள் கையில் வைத்துத் தரும் காசான கைவிசேஷத்தில் தனக்குக் கிடைத்ததிலிருந்து இருபது ரூபாயை வெற்றிலையில் வைத்து அம்மம்மாவுக்குக் கைவிசேஷம் கொடுத்ததும், அம்மம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும், அந்த இருபது ரூபாய் இன்னும் அம்மம்மாவின் கொட்டப்பெட்டியில் இருப்பதும் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும்.

கைபேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவிலிருக்கும் என் அண்ணர் காணொளியில் வந்து எங்கள் பானையைப் பார்க்கும்போது இங்கே காலை ஆறரை, அங்கே முதல்நாள் இரவு எட்டு மணி. "மாமாவுக்கு இன்னும் பொங்கல் வரேல்லையா? எங்கட சூரியன்தானே அங்க போகும், போகட்டும்" என்று ஆறுதல் சொன்னவள், அந்தக் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைதான்.

2022 இல் மறுபடியும் பொங்கத் தொடங்கியபோது, அம்மா ஒன்றும் சொல்லாமல் ஓர் இலையைக் கூடுதலாகப் போட்டார். பிள்ளையாருக்கு, சூரியனுக்கு என்று படைத்தபின் சுவரோரமாக அந்த இலை தனியே இருக்கும். அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசியதில்லை. சென்ற வருடம் மகள் இலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு அது யாருடையது என்று கேட்டாள். "உன்ர சின்ன மாமான்ர" என்றார் அம்மா. நான் பேச்சை மாற்ற முயன்றேன். அதற்குள் மகள் கேட்டுவிட்டாள்: "அம்மம்மா, சின்ன மாமாவுக்குக் குழைஞ்ச பொங்கல் பிடிக்குமோ, இறுக்கமான பொங்கல் பிடிக்குமோ?"

இத்தனை வருடங்களில் அம்மாவிடம் தம்பியைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். கடைசியாகக் கண்டது எங்கே, என்ன உடுப்புப் போட்டிருந்தார், அடையாள அட்டை இலக்கம் என்ன, சாட்சி யார். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று எவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அம்மா சற்றுநேரம் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவனுக்கு அடிப்பிடிச்சதுதான் பிடிக்கும். பானையை ஒருத்தருக்கும் குடுக்கான். அகப்பையால சுரண்டிச் சுரண்டி, பானை ஓட்டையாப் போகுமெண்டு நான் கத்துவன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். மகள் உடனே அகப்பையை எடுத்துப் பானையின் அடியைச் சுரண்டி, கறுப்பும் சிவப்புமாக வந்ததை அந்த இலையில் வைத்தாள்.

இந்த வருடம் கணவர் அகப்பைக்காம்பை விடாமல் துழாவிக்கொண்டே நின்றதால் பொங்கல் அடிப்பிடிக்கவில்லை. முந்திரிகை வற்றலும் கயூவும் போட்டு இறக்கப்போன நேரத்தில் மகள் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கிக்கொண்டாள். "அப்பா, சின்ன மாமாவுக்கு ஒண்டுமில்லை!" கணவர் என்னைப் பார்த்தார். அம்மா எழுந்துவந்து, பானையை இறக்கவேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அடுப்புக்குள் இன்னும் ஒரு கொள்ளியைத் தள்ளினார்.