டி டிரைவில் வைத்தால் ரெஃப்ரெஷ் ஆகாது

"பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர் நம்ம ஆபீஸிலேயே ஓடுது, எக்செல் ஃபைல் ரிப்போர்ட் போடுறவரோட டி டிரைவில் இருந்தால் போதும், தினமும் தானே புதுப்பிக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். (பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர் என்பது ரிப்போர்ட்டுகளை நம்ம சொந்தக் கணினியிலேயே வைத்துக் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்.) அது நடக்காது அண்ணாச்சி.

'டி:\விற்பனை' என்ற பாதையைச் சர்வர் தன்னுடைய டி டிரைவில்தான் தேடும். பகிர்ந்த ஃபோல்டரை இசட் டிரைவ் என்று மேப் செய்தாலும், அதாவது டிரைவ் எழுத்து கொடுத்து இணைத்தாலும், அது லாகின் செய்தவருக்கு மட்டுமே தெரியும், பின்னணியில் ஓடும் சர்வீஸுக்குத் தெரியாது. '\\சர்வர்பெயர்\விற்பனை' என்று (சர்வர்பெயர் என்பது ஃபைல் இருக்கும் கணினியின் பெயர்) நெட்வொர்க் பாதையாகவே, ரிப்போர்ட் தயாரிக்கும் பவர் பிஐ டெஸ்க்டாப்பில் கொடுக்க வேண்டும். அதைப் படிக்க அனுமதியுள்ள விண்டோஸ் கணக்கையும் சர்வரில் பதிந்து வைக்க வேண்டும்.

அந்தப் பகிர்வு ஃபோல்டர் யாருடைய லேப்டாப்பிலும் இருக்கக் கூடாது. அம்பாசமுத்திரத்தில் ஒரு அரிசி ஆலைக்கு நான் போட்டுக் கொடுத்ததில் அப்படித்தான் இருந்தது. கணக்குப்பிள்ளை லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப்போன மறுநாள் காலை, திரையில் முந்தாநாள் நெல் வரத்தே நின்றது. முதலாளி அதைப் பார்த்து மூட்டைக்கு விலை சொல்லிவிட்டார். இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம், 'ரிப்போர்ட்சர்வர்' டேட்டாபேஸிலேயே உங்கள் டேபிள்களைப் போடச் சொன்னதும் தவறு. அது ரிப்போர்ட் சர்வரின் சொந்த உபயோகத்துக்கானது. அது இருக்கும் அதே எஸ்கியூஎல் சர்வரில் (டேட்டாபேஸ்களை வைத்திருக்கும் மென்பொருள்) தனி டேட்டாபேஸ் உருவாக்கி, பேக்கப்பும் தனியாக எடுங்கள்.