அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதா?

பொங்கல் முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கருக்காக இவ்வளவு கோபமா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், அதற்காகத்தான்.

சென்னையிலிருந்து பெரியப்பா மகன், அண்ணன், குடும்பத்தோடு காரைக்குடி வந்திருந்தார். காணும் பொங்கலுக்கு மெரினா பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது, இங்கே அமைதியாக நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். 'அமைதியாக' என்ற வார்த்தையைச் சொன்னது அவர்தான், நான் இல்லை.

வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டார். "தம்பி, உங்க ஊர்ல பார்க்க என்னதான்டா இருக்கு?" பிள்ளையார்பட்டியில் ஒரு கும்பிடு, கானாடுகாத்தானில் பெரிய வீட்டு வாசலில் நாலு போட்டோ, ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் சாயம் ஊற்றித் தரைக்கல் வார்க்கும் இடத்தில் மூன்று நிமிடம், அப்புறம் "சாப்பாடு எங்கே?" பன்னிரண்டு மணிக்கெல்லாம் செட்டிநாடு முடிந்துவிட்டது அவருக்கு.

இவர் பெசன்ட் நகரில் பதினைந்து வருடமாகக் குடியிருப்பவர். தை, மாசி ராத்திரிகளில் பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் மணல் அது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் மாணவர்கள் இருட்டில் நடந்து, அந்த முட்டைகளை அலுங்காமல் எடுத்துக் கொண்டுபோய்ப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். "ஒருதரமாவது கூடப் போயிருக்கீங்களாண்ணே?" என்று கேட்டேன். "அந்த நேரத்துல யாருடா முழிச்சிருப்பா?" என்றார். சரி, வீட்டு வாசலில் வரும் ஆமையையே பார்க்காதவருக்கு என் ஊரில் எதைக் காட்டுவது?

வேட்டங்குடிக்குக் கூட்டிப்போனேன். என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு, அந்த ரோட்டில் வண்டி நகராது. அதனால் மறுநாள் கிளம்பினோம். திருப்பத்தூரைத் தாண்டி மேலூர் ரோட்டில் போனால் பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி என்று மூன்று கண்மாய். மொத்தமே 38.4 ஹெக்டேர்தான். 1977-ல் பறவைகள் சரணாலயமானது. உங்கள் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் மாதிரி இதுவும் பறவைகளுக்குப் பேர்போன இடம் என்று காரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். "பள்ளிக்கரணையா, அந்தக் குப்பைமேடு இருக்குமே?" என்றார் அண்ணன். அப்போதே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

கண்மாய்த் தண்ணீரில் இடுப்பளவு மூழ்கி நிற்கும் கருவேல மரங்கள். கிளைக்குக் கிளை நத்தைகுத்தி நாரை. அதன் அலகை அது முழுசாக மூடவே முடியாது, மூடினாலும் நடுவில் பாக்குவெட்டி போல ஒரு சந்து தெரியும். கரைக்குப் பக்கத்து மரத்தில் ஒன்று, கூட்டின் விளிம்பில் நின்றுகொண்டு இறக்கையைப் பாதி விரித்து வைத்திருந்தது. கீழே இரண்டு குஞ்சு. வெயில் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, நிழல் விலகாமல் பார்த்துக்கொண்டது. அண்ணனின் சின்ன மகள் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல், "சித்தப்பா, அது குடை பிடிக்குது" என்று ரகசியம் போலச் சொன்னாள். எட்டு வயசுப் பிள்ளைக்கு யாரும் சொல்லாமலே குரல் தணிந்துவிட்டது.

அவள் அப்பனுக்குத் தணியவில்லை. முதுகுக்குப் பின்னால் டம் டம் என்று குத்துப்பாட்டு. கார் டிக்கியைத் திறந்து, ஸ்பீக்கரை அதன் மேல் வைத்து, அண்ணியை நிற்கவைத்து வீடியோ எடுக்கிறார். அதைக் கேட்டு, பக்கத்தில் வந்து இறங்கிய வேன்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்கள் ஸ்பீக்கர் பெரியது. அதிலிருந்து வேறு பாட்டு. நடுவில் ஒருத்தன் கைதட்டி விசிலடித்தான்.

மரம் மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்தது. குடை பிடித்த நாரையும்தான். பெரிய பறவை கிளம்பிப்போன கூட்டுக்கு முதலில் வருவது காகம். முட்டையோ குஞ்சோ, அதற்குக் கொஞ்ச நேரம் போதும். அன்றைக்கும் இரண்டு காகம் அந்த மரத்தைச் சுற்ற ஆரம்பித்தன. அண்ணனோ "வாவ்! வாவ்!" என்று போனை வானத்துக்குத் தூக்குகிறார்.

நிறுத்தச் சொன்னேன். "ரெண்டு பாட்டுதானடா தம்பி" என்றார் இவர். வேன்காரர்களிடம் போனால், "இது என்ன உங்க அப்பன் வீட்டுக் கண்மாயா?" என்கிறான் ஒருத்தன்.

இல்லைதான். யார் வீட்டுக் கண்மாய் என்று நான் சொல்கிறேன். கொள்ளுக்குடிப்பட்டியில் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணத்துக்கும் கிடையாது, கோயில் திருவிழாவுக்கும் கிடையாது. பறவை பயந்து கூட்டை விட்டுப் போய்விடும் என்பதற்காக அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இதற்காகவே தீபாவளிக்கு வனத்துறை அந்த ஊருக்கு இனிப்புக் கொடுக்கிறது. தீபாவளியன்று ஒரு சரவெடிகூட இல்லாமல் வீட்டுப் பிள்ளையைச் சமாளித்துப் பாருங்கள், அப்போது தெரியும் அந்தத் தாய்மார்களின் பாடு. ஓர் ஊரே வருஷக்கணக்கில் வாயைக் கட்டிக்கொண்டு காப்பாற்றியதை, எங்கிருந்தோ வரும் நாம் ரெண்டு பாட்டில் கலைத்துவிட்டுப் போகிறோம்.

இதோடு முடிந்ததா? திரும்பும் வழியில் ஓர் ஊருணிப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் கை கழுவப் போய்விட்டு வருவதற்குள் நெகிழித் தட்டு, தம்ளர், தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் செம்புராங்கல் படியிலேயே கிடக்கின்றன. ஒரு பாட்டில் ஏற்கனவே மிதக்கிறது. அந்தத் தட்டுக்கும் தம்ளருக்கும் 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை. எங்கே வாங்கினார்களோ! வீட்டு ஓட்டில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, வரத்துக்காலில் ஓடி ஊருணியில் சேரும்படி ஊரையே சரிவாக அமைத்தவர்கள் இருந்த சீமை இது. குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைத்தால் எங்கள் அப்பத்தா முதுகில் வைப்பார். இப்போது அதே படிகளில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோவுக்குக் கலர்ப் புகை விடுகிறார்கள். அது தனிக் குமுறல், இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.

தட்டுகளை நானும் அந்தச் சின்னவளும்தான் பொறுக்கினோம். "ஊர்ல பெருக்க ஆள் இருப்பாங்கல்ல?" என்றார் அண்ணி. நான் ஒன்றும் பேசவில்லை, விருந்தாளி.

ஊருக்குப் போனதும் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தார். நாரைகள் மொத்தமாக எழுந்து பறக்கும் அதே காட்சி. சத்தத்தை நீக்கிவிட்டுப் புல்லாங்குழல் சேர்த்திருக்கிறார். கீழே 'இயற்கையின் மடியில் சில நிமிடங்கள்'. கூடவே எனக்குத் தனியாக ஒரு கேள்வி: "தம்பி, இந்தப் பறவை பேர் என்ன? ஆபீஸ்ல எல்லாரும் கேக்குறாங்க."

இரண்டு நீல டிக் விழுந்து எட்டு நாள் ஆகிறது. பதில் போடவில்லை.