போகத்தான் போவான், அதனால் என்ன?

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் லேத், மெஷின் என்று சின்னப் பட்டறை வைத்திருக்கிற என்னை மாதிரி ஆட்கள் நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால் பேச்சு இரண்டு விஷயத்தில் வந்து நிற்கும். ஒன்று, பில் பணம் இன்னும் வரவில்லை. இன்னொன்று, "இந்தக் காலத்துப் பசங்க நிக்கவே மாட்டேன்றாங்கப்பா". முதல் விஷயத்தில் என் புலம்பலும் அதேதான். இரண்டாவதில் எனக்கு ஒத்துப்போகவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வருஷம் படிக்கிற பையனையோ, படிப்பை முடித்த கையோடு வருகிற பெண்ணையோ எடுக்கும்போதே, ஒரு வருஷத்தில் போய்விடுவார்கள் என்று கணக்கு வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் சம்பளம் கூட, கேன்டீன் சாப்பாடு, வீட்டுப் பக்கத்திலேயே ஏற்றிக்கொள்ளக் கம்பெனி பஸ். நம் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒரு வேலை வந்தால் போகாதே என்போமா? இன்னும் சிலர் டி.என்.பி.எஸ்.சி., பேங்க் பரீட்சை என்று உட்கார்ந்துவிடுவார்கள். சில பெண்களுக்கு வீட்டில் வரன் பார்த்துவிடுவார்கள். இதெல்லாம் தெரிந்த சங்கதி. அப்புறம் எதற்குத் துரோகம் மாதிரி பேசுவது?

போய்விடுவார்களோ என்ற பயத்தில் முதலாளிகள் செய்கிற காரியங்கள்தான் எல்லாவற்றையும் கெடுக்கின்றன. இரண்டு வருஷம் பாண்டு எழுதி வாங்குவது, ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுவது. இதைச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும், பேர் சொல்லப் போவதில்லை. கல்விச் சான்றிதழ் என்பது அடமானம் பிடிக்கிற பொருள் கிடையாது என்று கல்லூரிகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பட்டறைக்காரருக்கு மட்டும் தனிச் சட்டமா? சட்டத்தை விடுங்கள், மனசு வெளியே போய்விட்ட ஒருவனை மார்க் ஷீட்டைக் காட்டி மெஷின் முன்னால் நிறுத்தினால் ரிஜெக்‌ஷன்தான் வரும். அந்த ஜாப்புக்கு, அதாவது செய்யக் கொடுத்த உருப்படிக்கு, போன மெட்டீரியல் காசு பாண்டில் திரும்பி வராது.

இன்னொரு பயம், சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொண்டு ஓடிவிடுவான் என்பது. அதனால் சொல்லிக்கொடுப்பதே இல்லை. பி.இ. படித்தவனை டெலிவரி சலான் எழுத வைப்பது, பேங்குக்கு அனுப்புவது. ஆறு மாதம் கழித்து "இவனுக்கு ஒண்ணும் தெரியலப்பா" என்று நம்மிடமே வந்து சொல்வார்கள். என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டால் பேச்சு மாறும்.

கல்லூரிகளும் லேசுப்பட்டவை இல்லை. இன்பிளாண்ட் டிரெய்னிங் என்ற பெயரில் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கி, கொஞ்ச நேரம் சுற்றிக் காட்டி, குரூப் போட்டோ எடுத்து, எல்லோருக்கும் ஒரு சர்டிபிகேட் கேட்பார்கள். கடைசி வருஷ ப்ராஜெக்டைக் காசு கொடுத்து ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளையிடம் போய் உன் ப்ராஜெக்ட் என்ன என்று கேட்பது நமக்கே சங்கடம்.

வெளிநாட்டில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகம் 1906-லேயே கோ-ஆப் முறையைத் தொடங்கிவிட்டது, கொஞ்ச காலம் வகுப்பு, கொஞ்ச காலம் தொழிற்சாலை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-ல் தொடங்கியபோதே இந்த முறையோடுதான் தொடங்கியது. அங்கே பெரும்பாலும் நாலு மாதம் படிப்பு, நாலு மாதம் சம்பளத்தோடு வேலை என்று மாறி மாறி வரும். நம் ஊரிலும் சில பாலிடெக்னிக்குகளில் சாண்ட்விச் டிப்ளமோ இருக்கிறது, மூன்றரை வருஷப் படிப்பு. தொழிற்சாலைப் பயிற்சியும் படிப்பிலேயே சேர்த்தி. அந்தப் பிள்ளைகள் ஷாப் ஃப்ளோரில் நிற்கும் விதமே வேறு. ஷூ லேஸ் கட்டாமல் மெஷின் பக்கம் வர மாட்டார்கள்.

சரி, நான் எப்படி ஆள் எடுக்கிறேன்? மார்க்கைப் பார்ப்பேன், ஆனால் அதை வைத்து முடிவு செய்வதில்லை. லேத்தில் கடைந்து முடித்த ஒரு ஷாஃப்டையும் (உருளைத் தண்டு), நுணுக்கமாக அளக்கிற மைக்ரோமீட்டரையும் கையில் கொடுத்து அளக்கச் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் விழுகிற இடம் ஒன்று உண்டு. மைக்ரோமீட்டரில் நகராமல் இருக்கிற குழாயான ஸ்லீவில் மில்லிமீட்டர் கோடுகளுக்கு எதிர்ப் பக்கம் அரை மில்லி கோடுகள் இருக்கும். அதன் மேல் சுற்றுகிற பிடியான திம்பிளை ஒரு சுற்று சுற்றினால் அரை மில்லிதான் நகரும். அரை மில்லி கோடு வெளியே வந்துவிட்டதா என்று பார்க்காமல் படித்தால் 18.98 இருக்க வேண்டியது 18.48 ஆகிவிடும். போன முறை ஒரு பையன், நல்ல மார்க், ரொம்ப நம்பிக்கையாக 18.48 என்றான். பக்கத்தில் இருந்த எங்கள் சீனியர் ஆபரேட்டர், "இன்னா தம்பி, அந்த அரைக் கோட்ட உட்டுட்டியே" என்றார். பையன் முகம் சிவந்தது. ஆனால் மைக்ரோமீட்டரைத் திரும்ப வாங்கி, ஸீரோ சரியாக இருக்கிறதா என்று மூடிப் பார்த்துவிட்டு மறுபடி அளந்தான். ஸீரோ பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அங்கேயே எடுத்துவிட்டேன். தப்பாகப் படித்ததில் ஒன்றுமில்லை, அதை ஒரு காலையில் சரிசெய்துவிடலாம். தப்பு என்று சொன்னதும் மெஷின் மேல் பழி போடுகிறவனைத் திருத்துவதுதான் கஷ்டம்.

எடுத்த பிறகு யார் சொல்லிக்கொடுப்பது? இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. என் பட்டறையில் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் அந்த சீனியர்தான், நான் இல்லை. அவருக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கும். இன்றைக்கு நாம் சொல்லிக்கொடுக்கிற பி.இ. பையன் நாளைக்கு சூப்பர்வைசராக வந்து நம்மையே விரட்டுவான் என்று. அந்தப் பயம் நியாயமானது, பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. அதனால் பயிற்சிக்கு ஆள் இருக்கிற மாதங்களில் அவருக்குத் தனியாக ஒரு தொகை கொடுக்கிறேன். பையனுக்கு நான் கொடுக்கிற சர்டிபிகேட்டில் அவர் கையெழுத்தும் இருக்கும். கையெழுத்துப் போடுகிற அதிகாரம் வந்த பிறகு அவர் சொல்லிக்கொடுக்கிற அழகே தனி. டூல் ஆஃப்செட் (வெட்டும் கருவியின் அளவுத் திருத்தம்) கொடுப்பதைக்கூட ஒரு நோட்டில் எழுதி வைத்துச் சொல்லித் தருகிறார்.

வேலையும் நிஜமான வேலையாக இருக்க வேண்டும், அதே சமயம் ஆள் போனாலும் பட்டறையில் தங்குகிற வேலையாக இருக்க வேண்டும். குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் ட்ராயிங் பீரோவை ஒப்படைத்தேன். கஸ்டமர் அனுப்பிய புது ரிவிஷன் (திருத்திய ட்ராயிங்) மெயிலில் கிடக்கும், மெஷின் பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு பழைய ரிவிஷன் தொங்கிக்கொண்டிருக்கும். எங்களை மாதிரிப் பட்டறைகளின் தீராத வியாதி அது. அந்தப் பெண் ஒவ்வொரு ஜாப்புக்கும் எந்த ரிவிஷன் நடப்பில் இருக்கிறது என்று பட்டியல் போட்டு, பழையதையெல்லாம் சிவப்பில் அடித்து எடுத்துவிட்டது. பயிற்சி முடிந்து வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. பட்டியல் இன்னும் ஓடுகிறது. இன்னொரு பையனிடம் எந்த இன்சர்ட் (கருவியில் மாட்டுகிற வெட்டு முனை) எத்தனை ஜாப் தாங்குகிறது என்ற ரிஜிஸ்டர். அதைப் பார்த்துத்தான் இப்போது இன்சர்ட் ஆர்டர் போடுகிறேன்.

சம்பளம் இல்லாமல் "அனுபவம் கிடைக்குமே" என்று வேலை வாங்குவது எனக்குப் பிடிக்காது. பஸ்காரர் அனுபவத்துக்கு டிக்கெட் கொடுக்க மாட்டார். இவ்வளவுக்கும் அரசுத் திட்டமே இருக்கிறது. 1961 அப்ரண்டீஸ் சட்டத்தில் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் 1973 திருத்தத்தில் சேர்த்தார்கள். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் அப்ரண்டீஸ் எடுப்பது கட்டாயம், நாலு பேரிலிருந்து இருபத்தொன்பது பேர் வரை உள்ள நம் மாதிரி இடங்களுக்கு விருப்பம். 2019-ல் திருத்திய விதிகளில் உதவித்தொகை மாதம் குறைந்தது பட்டதாரிக்கு 9000, டிப்ளமோவுக்கு 8000 என்று வைத்தார்கள், அந்தக் குறைந்தபட்சத்தில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தென்மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில். திட்டத்தின் போர்ட்டலில் (அரசு இணையதளம்) பதிவு செய்து ஒப்பந்தம் போட வேண்டும், அந்த வேலை கொஞ்சம் இழுக்கும், ஆடிட்டர் ஆபீசில் ஒரு பிள்ளையை வைத்து முடித்துவிடலாம். ஒன்று மட்டும் கவனம். அப்ரண்டீசுக்கு வேலையிடத்தில் அடிபட்டால் நஷ்டஈடு முதலாளி பொறுப்பு. டிரெய்னிதானே என்று, சுற்றுகிற மெஷினில் மாட்டி இழுத்துவிடும் கையுறையோடு லேத்தில் நிற்க விடுகிறவர்கள் இதைப் படித்துக்கொள்ளவும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இலவசமாகப் பாதிக் காசு வருகிறதே என்று அஞ்சாறு பேரை ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். ஒரு சீனியருக்கு ஒரு ஆள், மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்கு மேல் போனால் பிள்ளைகள் மொபைலோடு காம்பவுண்டு சுவர் ஓரம்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

வாலாஜா, ஆற்காடு, காட்பாடிப் பக்கம் யாராவது இந்த வருஷம் எடுப்பதாக இருந்தால், முதல் எட்டு வாரத்துக்கு என்னென்ன சொல்லிக்கொடுப்பது என்று எங்கள் சீனியர் எழுதிய நோட்டை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். அவர் கையெழுத்து கொஞ்சம் கோழி கிறுக்கல், பழகிவிடும்.