நான்கு நாளில் திருப்பி அனுப்பப்பட்டவன்

அந்த ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்பு நாயை நான்கே நாளில் காப்பகத்தில் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு, "வளர்ந்த நாய் வீட்டோடு ஒட்டாது, குட்டியாக வாங்குங்கள்" என்று எழுதப்பட்ட பதிவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். "சரியான முடிவு" என்று அதன் கீழே குவிந்த பின்னூட்டங்களைப் படித்த பிறகு இருக்க முடியவில்லை. நான்கு நாளில் எந்த நாயையும் அறிந்துகொள்ள முடியாது.

எங்கள் டைகரும் அதே கலப்புதான். ஐந்து வயதில் எங்களிடம் வந்தான். முதல் மூன்று நாள் சோற்றைத் தொடவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து, விளக்கை அணைத்த பிறகு, தண்ணீர் குடிக்க மட்டும் வெளியே வந்தான். பிறகு சுற்றுச்சுவரை ஒட்டி ஒரே கோட்டில் போவதும் திரும்புவதுமாக இருந்தான். அக்கம்பக்கத்தில் கிறுக்கு என்றார்கள். 1899-இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபனிட்ஸ் இந்த இனத்தை உருவாக்கத் தொடங்கியபோது எடுத்துக்கொண்டவை ஜெர்மனியின் மேய்ச்சல் நாய்கள். ஆடுகள் பயிரில் இறங்காதபடி வயலோரமாகவே நாள் முழுக்க நடந்து, தாமே வேலியாக இருப்பது அவற்றின் வேலை. அந்த வேலைதான் அவன் கால்களில் இருந்தது. காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் நடக்க வைத்து, ஒளித்து வைத்த பந்தைத் தேடப் பழக்கிய பிறகே அது தணிந்தது. நான்காம் நாளில் நாங்களும் முடிவெடுத்திருந்தால் இதில் எதையும் கண்டிருக்க மாட்டோம்.

குழந்தைகள் உள்ள வீட்டில் என்ன செய்வது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. ஓடுகிறவர்களின் குதிகாலைக் கவ்வப் பார்ப்பது மேய்ச்சல் இனங்களின் இயல்பு. டைகர் என் தங்கை மகனின் கால்சட்டையைக் கவ்வினான். இருவரையும் தனியே விடாமல், பிள்ளை ஓடும்போதெல்லாம் டைகரை அழைத்து அருகில் உட்காரப் பழக்க மாதக்கணக்கில் ஆயிற்று. குட்டியும் இதைத்தான் செய்யும், ஊசி போன்ற பால்பற்களோடு. மேலும் வளர்ந்த நாயின் எடையும் உயரமும் சுபாவமும் ஏற்கெனவே உருப்பெற்றவை. இந்த இனத்தை வாட்டும் இடுப்பு மூட்டுக் கோளாறு குட்டியில் பெரும்பாலும் தெரியாது. இரண்டு வயது கடந்த நாய்க்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம். வயதான நாய் சீக்கிரம் போய்விடும் என்பவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை.

"ஒட்டாது" என்ற சொல்தான் என்னைக் குத்துகிறது. டைகர் என்பது நாங்கள் வைத்த பெயர் அல்ல. ஒரு மாலை நாய்களுக்கு வழக்கமாக வைக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். அந்தப் பெயருக்குக் காதுகள் நிமிர்ந்தன, எழுந்து வாசலுக்கு ஓடினான். எங்களைப் பார்க்கவில்லை. ஐந்து வருடம் அப்படி அழைத்தவர்தான் அவனை ஒரு கோயில் வாசலில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். பிராணிகளைத் துன்பத்தில் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒட்டாமல் போனது யார்?

திருப்பி அனுப்பப்பட்டவன் இன்னும் காப்பகத்தில்தான் இருக்கிறான். ஞாயிறு காலை கோழிச்சோற்றோடு போகிறேன். மூன்று மாதம் பொறுமையாக இருக்க முடிந்தவர் யாராவது இருந்தால் என்னோடு வாருங்கள்.