மாதத்தில் பன்னிரண்டு நாள்

போன ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து வந்த நண்பன் குடும்பத்தை எங்கள் ராமேஸ்வரம் தீவில் தனுஷ்கோடி ரோடு முடிகிற அரிச்சல்முனைக்குக் கூட்டிப் போனேன். ஞாயிற்றுக்கிழமை போகக்கூடாது என்று தெரிந்தும் போனது என் தப்புதான். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரைக்கும் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முன்னால் நின்ற டெம்போ டிராவலரின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. புளியோதரை சாப்பிட்ட பேப்பர் தட்டை வலதுபக்க மணலில் போட்டது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று சும்மா இருக்குமா? தட்டைத் தூக்கி, ரோட்டைத் தாண்டி, இடதுபக்கத் தண்ணீரில் கொண்டுபோய் வைத்தது.

தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், வடக்கே பாக் நீரிணை பெண்கடல். எங்கள் ஊர்ப் பேச்சு அப்படி. கச்சான் அடிக்கும் மாதங்களில் குப்பை பெண்கடலுக்குப் போகும். வாடை திரும்பினால் அதே குப்பை ஆண்கடலுக்கு வரும். இந்தத் தீவில் குப்பையைப் பாரபட்சம் இல்லாமல் பங்கு வைப்பது காற்று ஒன்றுதான்.

சுற்றுலாவைத் திட்டுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். மாடியில் இரண்டு ரூம் வாடகைக்கு விடுகிறேன். தம்பி ஆட்டோ ஓட்டுகிறான். ராமநாதசுவாமி கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தம் ஆட வருகிற கூட்டம் இல்லையென்றால் ராமேஸ்வரத்தில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் கொஞ்சம் கூச்சத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் துடைத்துப் போட்ட பிறகு, அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே ரோடு கிடையாது. சத்திரத்திலிருந்து வேனில்தான் போக வேண்டும். மணலிலும் சேற்றிலும் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கினால் இடுப்பு கழன்றிருக்கும். அந்த வேன்களும் யோக்கியம் இல்லை, கழிமுகச் சேற்றை உழுதுகொண்டுதான் போயின. ஆனால் இத்தனை வேன், இத்தனை நடை என்று ஒரு அளவு தானாகவே இருந்தது. 2017 ஜூலையில் தார்ச்சாலை திறந்தார்கள். அந்த அளவு அன்றோடு போனது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் வந்தது, 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில் திரும்ப வந்தது. நல்லது, எங்களுக்கும் ஊர் போய்வர ரயில் வேண்டும். இந்த மணல்திட்டு ஒரு நாளைக்கு எத்தனை வண்டி தாங்கும் என்று மட்டும் எந்தத் திறப்புவிழா மேடையிலும் யாரும் கேட்டதாக நினைவில்லை.

இனி என் சித்தி கதை. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவர். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பேர் சொல்லிப் பிரிப்பார். விரலுக்கு விரல் கிழிந்த சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்க வேண்டும். துணியையும் மீறிப் பாறை அறுக்கும். அவர் கையைப் பிடித்துப் பார்த்தால் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், ரேகையே இருக்காது. ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்கச் சேர்க்கிறார்களே அகர், அது இந்த மரிக்கொழுந்திலிருந்து வருவதுதான்.

1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். தேவைதான். பவளப்பாறையை வெட்டி வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்ற காலம் அது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. ஆனால் தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்த பெண்களுக்கும் போகப்போக அந்த இடம் இல்லையென்று ஆகிவிட்டது. போராடிப் பார்த்தார்கள். அப்புறம் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் பாசி. மீன் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் 45 நாள் கடலில் இறங்குவதே இல்லை. பாறையை இரும்பால் சுரண்டக்கூடாது, கையால்தான் கிள்ள வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெரிசலைப் போனில் எடுத்த வீடியோவைச் சித்தியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “எங்களுக்கு மாசத்துல பன்னெண்டு நாளு. இவுகளுக்கு முப்பது நாளுமா தம்பி?” என்றார்.

என் ஆத்திரம் இதில்தான். பாதுகாப்பு என்று வந்தால் இங்கே முதலில் கை வைப்பது நடந்து வருகிறவர் மேல். காரில் வருகிறவரிடம் கேட்க ஆள் இல்லை.

அரசியல்வாதிகள் எங்கள் கடலை மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. மறந்தால்கூடப் பரவாயில்லை போலிருக்கிறது. 2005-ல் சேது சமுத்திரத் திட்டம் தொடங்கியது, கப்பல் போக 167 கிலோமீட்டர் கால்வாய். ஒருவர் ராமர் பாலம் என்றார், இன்னொருவர் நூறாண்டுக் கனவு என்றார். 2007-ல் உச்ச நீதிமன்றம் மணல்திட்டைத் தோண்டத் தடை போட்டது. 2023 ஜனவரியில் திட்டம் மறுபடி வேண்டும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம். இவ்வளவு பேச்சிலும் மீனின் பேரைச் சொன்னவர்கள் மீனவர்களும் சில விஞ்ஞானிகளும்தான். கச்சத்தீவு கேட்கவே வேண்டாம். 1974-ல் இலங்கைக்குக் கொடுத்தது, தேர்தலுக்குத் தேர்தல் மேடைக்கு வரும். அதில் எங்களுக்கு உண்மையான வலி இருக்கிறது, படகை இழந்தவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டுக் கழற்றி விடுகிற வேட்டி சேலை மலைமலையாகக் கரை ஒதுங்குகிறதே, அதை எந்தக் கட்சியாவது மேடையில் பேசியிருக்கிறதா? கச்சத்தீவை மீட்க டெல்லி போக வேண்டும். அக்னி தீர்த்தத்தை மீட்கப் பத்து ஆளும் ஒரு டிராக்டரும் போதும்.

பகிர்ந்துகொள்வது எங்களுக்குப் புதிதும் இல்லை. பாக் நீரிணையில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. வலை அறுத்து, அடிதடி ஆகி, அதற்கப்புறம் வந்த ஒழுங்கு அது. அதில் ஆயிரம் ஓட்டை உண்டு. விசைப்படகின் இழுவைமடி வலை கடலின் அடிவயிற்றையே வாரிக்கொண்டு வருவதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் சொந்தக்காரர்களோடு சண்டை வரும், இன்னொரு நாள் பார்ப்போம். சொல்ல வந்தது, கடலையே நாள் வைத்துப் பிரித்தவர்களுக்கு ஒரு ரோட்டைப் பிரிக்கத் தெரியாதா?

பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகில் போகிறார்கள். படகில் எத்தனை இருக்கையோ அத்தனை பேர். யாரும் செத்துப்போய்விடவில்லை. முனைக்கும் அதே மாதிரி, கார்களைச் சத்திரத்தில் நிறுத்திவிட்டு பஸ் விடலாம். டிக்கெட் போடலாம். ஓட்டுகிற வேலையை ரோடு வந்ததால் பிழைப்புப் போன வேன்காரர்களுக்கும் தனுஷ்கோடி மீனவர் குடியிருப்பான கம்பிப்பாட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். முனையில் வேலி போட்ட குழிகளுக்குள் ஆமை முட்டை பொரிக்கும் மாதங்களிலாவது இதைச் செய்து பார்க்கலாம்.

உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவரிடம் சொன்னேன். எல்லாக் கட்சியிலும் இருக்கிற மாதிரி ஆள்தான். “நல்ல யோசனைண்ணே” என்று டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “டாக்ஸிக்காரங்க, சங்குக்கடைக்காரங்க எல்லாம் நம்ம ஆளுங்கண்ணே” என்றார். கோபம் வரவில்லை. என் தம்பியும் அந்தக் கணக்கில்தான் வருகிறான்.

2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பூநாரை சரணாலயமாக அறிவித்தார்கள், ஐந்நூறு ஹெக்டேருக்கு மேல். கோதண்டராமர் கோயில் பக்கம் தண்ணீரில் வரிசையாக நிற்கும் அந்தப் பறவைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான், சந்தோஷம்தான். கம்பிப்பாட்டில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. “அடுத்து நம்ம வலையத்தான் நிறுத்துவாக” என்றார் ஒரு பெரியவர். அவரை நம்பவைக்க என்னிடம் ஒரு பதிலும் இல்லை. பறவைக்குப் பக்கத்தில் கார் ஹாரன் அடிப்பதை முதலில் நிறுத்திக் காட்டினால், அவரிடம் போய்ப் பேச எனக்கு வாய் வரும்.

வருகிற சனிக்கிழமைக்கு இரண்டு ரூமும் புக் ஆகிவிட்டது. இரண்டு குடும்பமும் போனில் கேட்டது ஒன்றுதான்: “கார் முனை வரைக்கும் போகுமா சார்?”

போகும் என்று சொல்லியிருக்கிறேன்.